அப்பா தட்டிப் பார்த்த பானை

முதல் நாள் வகுப்பில் நான் சக்கரத்தில் வைத்த மண் பறந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவரின் காலடியில் விழுந்தது. அவர் ஒரு வங்கி அதிகாரி. சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பத்து நிமிடம் கழித்து அவருடைய மண் என் பக்கம் வந்தது. கணக்கு நேராகிவிட்டது.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். நாலரை மணிக்கு எழுந்து, ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் பத்து மணி வரை பேச்சுதான். பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். நேற்று என்ன பேசினாய் என்று கேட்டால் எனக்கே பாதி நினைவிருக்காது. 'இது நான் செய்தது' என்று மேசைமேல் எடுத்து வைக்கிற மாதிரி ஒரு பொருளையாவது கையால் செய்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் மட்பாண்ட வகுப்பு நடக்கிறது என்று தோழி சொன்னாள். இரண்டு மணி நேரத்துக்கு 150 வெள்ளி; மண்ணும் சூளைச் செலவும் அதற்குள் அடக்கம். நான்கு சனிக்கிழமைகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டினேன்.

பொழுதுபோக்குக்காகக் கட்டிய பணம்தான் அது. என் அப்பா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வாய் திறக்காத ஒரு விஷயத்தில் அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் நினைக்கவில்லை.

நடுவில் நிற்க மறுக்கும் மண்

பானை செய்வது என்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மண்ணைத் தொட்டால் அது தானாக எழும்பி வரும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் முதல் வகுப்பில் முக்கால் மணி நேரம் நாங்கள் சக்கரத்தின் பக்கமே போகவில்லை. மேசையில் மண்ணைப் போட்டுப் பிசைந்தோம்.

எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஐம்பது வயதுச் சீன அம்மா ஒருவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். "ரொட்டி மாவு மாதிரி மடித்து மடித்துப் பிசையாதே, காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். உள்ளங்கையால் அழுத்தி வெளியே தள்ளு" என்றார். மண்ணுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழ் இருந்தாலும், சக்கரம் சுற்றும்போது விரல் அந்த இடத்தில் துள்ளும், சுவர் கோணிவிடும். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவவும் பிசைந்துதான் ஆக வேண்டும். என் தோள்பட்டை வலிக்கத் தொடங்கியபோது, "இது பாதிதான்" என்றார்.

அடுத்தது மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவது. மொத்த வித்தையும் இதில்தான் இருக்கிறது. சக்கரம் வேகமாகச் சுற்றும். மண் நடுவிலிருந்து ஒரு நூல் விலகியிருந்தாலும் போதும், சுற்றுகிற வேகம் அதை வெளியே தள்ளும்; கை ஆடும்; கை ஆடினால் மண் இன்னும் விலகும். நான் மணிக்கட்டால் அதை அமுக்கிப் பிடிக்கப் பார்த்தேன். மண் ஜெயித்தது. முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டு, உடம்பின் பாரத்தை அப்படியே கைவழியாக இறக்க வேண்டும் என்று ஆசிரியை காட்டினார். மண்ணைக் கூம்பாக மேலே ஏற்றி, மறுபடி கீழே அமுக்கி, மறுபடி ஏற்றி... ஒரு கட்டத்தில் ஆட்டம் நிற்கும். சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கும், மண் மட்டும் அசையாமல் நிற்பது போலத் தெரியும். இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கு அது வாய்த்தது. அன்று கூட, நான்கு முறை முயன்றால் ஒரு முறை.

நடுவில் நின்றதும் கட்டைவிரலால் குழி. அடியில் ஒரு விரல் கனம் விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். அடித்தரையை விரலால் நன்றாக அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது அடியில் வெடிக்கும். பிறகு ஒரு கையின் விரல் உள்ளே, மறு கையின் விரல் வெளியே. இரண்டுக்கும் நடுவே மண். கீழிருந்து மேலே, சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்ப, ஒரே நிதானத்தில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவசரப்பட்டால் சுவர் திருகிக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் மொத்தமும் தொய்ந்து உட்கார்ந்துவிடும். 

மூன்றாவது வகுப்பில் என் கையில் ஒரு கிண்ணம் வந்தது. உண்மையான கிண்ணம். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். ஆசிரியை வந்து பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அடுத்த நொடி, இரண்டு முனையிலும் பிடி வைத்த கம்பியை எடுத்து என் கிண்ணத்தை நட்ட நடுவே இரண்டாக அறுத்துவிட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். வானொலிக்காரிக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

"சுவரைப் பார்" என்றார். அறுத்த பக்கத்தில் எல்லாம் தெரிந்தது. விளிம்பு காகிதம்போல மெலிசு. அடிப்பக்கம் சுண்டுவிரல் தடிமன். வெளியிலிருந்து பார்த்தால் கிண்ணம். உள்ளே பார்த்தால் என் அவசரம். கத்துக்குட்டிகள் எல்லாருக்கும் இப்படித்தான் வரும், கீழே இருக்கும் மண்ணை மேலே கொண்டுவர விரலுக்குப் பயம் என்றார். அறுத்த இரண்டு பாதியையும் நான் படம் பிடித்துக்கொண்டேன்.

"அடி கனமா இருக்கு"

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு, அம்மா அப்பா வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். வீட்டில் பேச்சையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன் என்று அம்மா சொல்வார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா என் விரலைப் பார்த்தார். "என்னம்மா, நகத்துல மண்ணு?"

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். வகுப்பு, சக்கரம், ஆசிரியை, அறுந்த கிண்ணம். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடி கனமா இருக்கு" என்றார். பிறகு, "பிசைஞ்சது பத்தல. இந்தா, இங்க பாரு, மண்ணு ரெண்டு நிறமா தெரியுது."

எனக்கு ஆச்சரியம். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எவ்வளவு கட்டுன?" என்றார்.

"ஒரு வகுப்புக்கு 150."

அப்பா கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உங்க தாத்தா பானை செஞ்சவரு. அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. கேக்காத."

என் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். 'தோட்டத்துல பால்மரம் வெட்டினார்' என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. எனக்கு வரன் பேச வந்தவர்களிடமும் அப்பா அதைத்தான் சொன்னார். பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. காலையில் மரம் வெட்டு, மத்தியானத்துக்குப் பிறகு சக்கரம். அந்த இரண்டாவது பாதியை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பிறகு எனக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் எவர்சில்வர் பானைதான். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்குவோம். நடைபாதையில் அடுக்கி வைத்திருக்கும் மண்பானைகளை மட்டும் அப்பா தாண்டிப் போய்விடுவார். 'உடைஞ்சிடும், எதுக்கு?' என்பார். 

தலையில் களிமண்

நான்காவது சனிக்கிழமை அப்பாவே பேசினார். நான் கேட்கவில்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டம். தாத்தா தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். எந்த ஊர் என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. ஆற்றோரத்திலிருந்து மண்ணை வாளியில் சுமந்து வருவது பிள்ளைகளின் வேலை. மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவதும் பிள்ளைகளின் வேலை. மிதிக்கும்போது காலில் தட்டுப்படும் கல்லை எல்லாம் பொறுக்கிப் போட வேண்டும். ஒரு சிறு கல் தங்கிவிட்டாலும் சூளையில் அந்த இடத்தில் பானை தெறித்துவிடும். அன்று அடி விழும்.

"பொங்கலுக்குப் பானை, கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, மாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி, ஆள் போயிட்டா கொள்ளிக்குடம். நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் எங்க வீட்டு வாசலுக்கு வந்தாகணும்" என்றார் அப்பா. "ஆனா வெளையாடும்போது என் பேரு 'சட்டி'. யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

பள்ளியில் ஒரு வாத்தியார். கணக்குத் தப்பாகப் போட்டால் மற்ற பிள்ளைகளைத் திட்டுகிற அதே வார்த்தைதான், 'தலையில என்ன களிமண்ணா?' மற்றவர்களைச் சொன்னால் அது வெறும் திட்டு. அப்பாவைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார்.

அப்பா இதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு பிசைந்தது. காரணம் இருக்கிறது. காலை நிகழ்ச்சியில் புதிர்ப் போட்டி நடத்துவேன். தப்பான பதில் சொல்லும் நேயரிடம், 'அண்ணே, மேல மூளையா, களிமண்ணா?' என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்! நேயர்களும் சிரிப்பார்கள். கிள்ளானில் அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அவர் என் நிகழ்ச்சியை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக் குடமும் வந்தன. பானை வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். தாத்தா இறந்ததும் குடும்பம் கிள்ளானுக்குப் பெயர்ந்தது. "சக்கரம் லயத்துக்குப் பின்னாலேயே கெடந்துச்சு. நாங்க எடுத்துட்டு வரல. எனக்கு அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் விட்டுவிட்டு ஓடிவந்ததை நான் 600 வெள்ளி கட்டிக் கற்றுக்கொண்டிருந்தேன்.

சுட்ட மண்ணில் எழுந்த ஊர்

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. நான் வாடகைக்குக் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். அந்தப் பெயரை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறேன். அதன் பொருளை யோசித்ததில்லை. செங்கல் களம். 1881ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்தது. மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த ஊர் அது. மறுபடி எழும்போது செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலுக்கென்று வாங்கிய நிலம்தான் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. நாம் மாலை போட்டு, பூக்கடை வைத்து, வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிற அந்த இடமே சுட்ட மண்ணால் பெயர் பெற்றதுதான்.

மண் சுடப்படும்போது என்ன நடக்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் பச்சைப் பானை பச்சை மண்தான். தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறாகிவிடும். சூளையில் வெப்பம் ஏறி 500, 600 டிகிரி செல்சியஸ் என்று போகும்போதுதான், களிமண்ணின் துகளோடு துகளாகப் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அதன் பிறகு அது ஒருநாளும் சேறாகாது. உடையலாம், தூளாகலாம், மண்ணாகத் திரும்பாது. அதனால்தான் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் மரமும் துணியும் மட்கிப்போன மண்ணுக்குள் பானை ஓடு மட்டும் நமக்காகக் காத்திருக்கிறது. நம் வரலாற்றைத் தோண்டுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு குயவர் விட்டுச் சென்றதைத்தான்.

புறநானூற்றின் 32ஆம் பாடலையும் அந்த வாரம்தான் தேடிப் படித்தேன். சோழன் நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடியது. குயவர் வீட்டுப் பிள்ளைகள் சக்கரத்தில் வைத்த பச்சை மண் அவர்கள் நினைத்த உருவத்தை எடுப்பது போல, இந்த நாடு அரசன் நினைத்தபடி அமையும் என்கிறார் புலவர். குயவருக்கு அவர் வைக்கும் பெயர் 'வேட்கோ'. அதோடு நிற்கவில்லை, நல்ல அறிவு உடையவர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

அப்பாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நல்ல அறிவுன்னா எழுதியிருக்கு?"

"ஆமாப்பா."

"எங்க வாத்தியாருக்கு யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

கம்போங் குவாந்தானில்

கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தான் என்றால் நமக்கெல்லாம் மின்மினிப் பூச்சிதான் நினைவுக்கு வரும். சிலாங்கூர் ஆற்றில் இருட்டியதும் படகில் போய், பெரம்பாங் மரங்கள் மினுக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். அதே கம்போங்கில் பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் பானை செய்து வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. இரவில் போனதால் கண்ணில் படவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். 'சும்மா ஒரு ரவுண்டு' என்றுதான் சொன்னேன். கார் அந்தப் பாதையில் திரும்பியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

தகரக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பானைகள். பட்டறையில் இருந்த அண்ணன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சக்கரத்தின் மேல் ஒரு பெரிய மண் குவியல். அதன் தலையிலிருந்து ஒரு பானையின் கழுத்தும் தோளும் எழுந்தன. எண்ணிப் பார்த்தேன், இரண்டு நிமிடம் ஆகவில்லை. நூலால் அறுத்து எடுத்து வைத்தார். அடுத்தது. அதுவும் அதே அளவு. அளவுகோல் எதுவும் இல்லை. மண்ணை நடுவில் நிறுத்த நான் இரண்டு வாரம் போராடியதை அவர் மூச்சு விடும் நேரத்தில் முடித்தார்.

அறுத்தெடுத்த பானைக்கு அடி இல்லை. எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் வகுப்பில் எல்லாக் கிண்ணத்துக்கும் முதலில் வருவதே தட்டையான அடிதானே? "இது அரைக்காய்ச்சலா ஆன பெறகு தட்டி மூடுவோம்மா" என்று காட்டினார். பாதி காய்ந்த பானையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே மரக்கட்டையால் தட்டத் தட்ட, அடிப்பக்கத்து மண் மெல்ல நகர்ந்து நகர்ந்து துவாரத்தை மூடியது. கனமாக இருந்த மண் மெலிந்து, உருண்டு, வயிறாகியது. என் கிண்ணத்தில் கீழே தேங்கி நின்ற மண்ணை இவர்கள் வீணாக்குவதில்லை, அதையே அடியாக்குகிறார்கள்.

உருண்டை அடிக்குக் காரணம் உண்டு. தட்டை அடியும் சுவரும் சேரும் மூலையில் சூடு சமமாகப் பரவாது. தீயில் வைத்தால் அங்கேதான் முதலில் விரிசல் விடும். உருண்டையில் மூலையே இல்லை. பானை மண்ணில் மணல் கலப்பதும் அதற்காகத்தான். குறைந்த சூட்டில் சுட்ட பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அந்த மணலும் துளையும் சிறு விரிசலைப் பரவவிடாமல் தடுத்து நிறுத்துகின்றன. நான் வகுப்பில் செய்த கிண்ணமோ 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, பளபளப்புப் பூச்சு போட்டது. கல்போல இறுகியிருக்கும், தண்ணீர் கசியாது, பார்க்க அழகு. ஆனால் அடுப்பில் வைத்தால் வெடிக்கும். 150 வெள்ளிக் கிண்ணத்தில் பொங்கல் வைக்க முடியாது.

"இந்த மாசத்துலதான் கஷ்டம்" என்றார் அண்ணன். "பொங்கலுக்குப் பானை வேணும்னா மழைக்காலத்துலதான் செய்யணும். காயவே காயாது. காயாம சூளையில வெச்சா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி ஒடச்சிடும்." ஒவ்வொரு பானையையும் வெயில் வந்தால் வெளியே வைத்து, மேகம் கறுத்தால் உள்ளே தூக்கி, மறுபடி வெளியே வைக்க வேண்டும். ஒரு பானையை எத்தனை முறை தூக்கியிருப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

நான் பேசிக்கொண்டிருக்க, அப்பா எழுந்து போனார். மூலையில் பதப்படுத்திய மண் குவிந்திருந்தது. ஒரு பிடி எடுத்தார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். பிறகு நகத்தால் எதையோ நெம்பி எடுத்துத் தரையில் போட்டார். அரிசி அளவுகூட இல்லாத ஒரு கல். பட்டறை அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தார்.

"ஐயா நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். "எங்கப்பா செஞ்சாரு. நான் மண்ணு மிதிச்சிருக்கேன்."

என் முன்னால் அப்பா இதை ஓர் அந்நியரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. சக்கரத்தில் உட்காரச் சொல்லி அண்ணன் அழைத்தார். அப்பா மறுத்துவிட்டார். "முட்டி வலிக்குது, தம்பி." உண்மையான காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

பிறகு பானை பொறுக்கினார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காதருகே வைத்து, விரல் முட்டியால் தட்டினார். 'டங்' என்று ஒலி நீண்டால் நல்ல பானை. 'டப்' என்று அடங்கிவிட்டால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. ஒலியை வைத்துப் பிழைக்கிறவள் நான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் கேட்டது. மானாமதுரையில் செய்கிற கடத்தையும் வித்வான்கள் இப்படித்தான் தட்டித் தட்டித் தேர்ந்தெடுப்பார்கள். பானையும் கடமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே.

ஒன்பதாவது பானை அப்பாவுக்குப் பிடித்தது. விலை 25 வெள்ளி. பழக்கதோஷத்தில் நான் "ஒரு இருபது..." என்று தொடங்கினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஐம்பது வெள்ளித் தாளைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு இரண்டு அகல் சட்டமும் ஒரு தூபக்காலும் எடுத்துக்கொண்டார்.

பொங்கல் காலை

புதுப் பானையை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தார். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆற வைத்தார். கஞ்சித்தன்மை துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், பிறகு கசியாது. சமைக்கும்போது தீ மெல்ல ஏற வேண்டும். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அம்மா கிண்டல் செய்தார்.

வீட்டு வாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. எவர்சில்வர் பானையில் பொங்குவதைவிட இதில் நேரம் கூடுதலாகத்தான் ஆனது. அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன சார், இந்த வருஷம் மண்பானையா? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"கம்போங் குவாந்தான்ல" என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "எங்கப்பா செய்யற தொழில்தான்" என்றார். 'செய்த' என்று சொல்லவில்லை.

நான் ஒரு வாரம் விடுமுறை எடுத்திருந்தேன். திரும்பி வந்த முதல் நாள் புதிர்ப் போட்டியில் ஒரு தம்பி மூன்று கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்னார். பழைய வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "பரவாயில்ல தம்பி, நாளைக்கு மறுபடி கூப்பிடுங்க" என்றேன். ஓர் அரை நொடி நிகழ்ச்சியில் சத்தமில்லாமல் போனது. நிலையத்தில் யாரும் கவனிக்கவில்லை. கிள்ளானில் ஒருவர் கவனித்திருப்பார்.

வகுப்புக்கு மறுபடி பணம் கட்டியிருக்கிறேன். அந்த ஆசிரியை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிண்ணத்தை அறுத்துக் காட்டியது நல்ல பாடம். என் இரண்டாவது கிண்ணம் சூளையிலிருந்து வந்துவிட்டது. காய்ந்து சுட்டதில் சுருங்கி, நான் செய்த அளவில் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோயிருந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் நல்லா இருக்கு" என்றார். "அடிதான் இன்னும் கொஞ்சம் கனம்."